பங்காகத் தந்த கூலி: டாட்காம் நிறுவனங்களில் உழைத்தவர்களின் வரலாறு

1994-க்கும் 2002-க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் இணையத்தை மட்டுமே நம்பி ஆயிரக்கணக்கான புது நிறுவனங்கள் தோன்றின. சான் பிரான்சிஸ்கோவின் சவுத் பார்க், அதற்குத் தெற்கே சிலிக்கான் பள்ளத்தாக்கு, நியூயார்க்கில் சிலிக்கான் ஆலி என்று பெயர் பெற்ற தெருக்கள், வடமேற்கே சியாட்டில் ஆகியவை அவற்றின் மையங்கள். டாட்காம் என்ற பொதுப்பெயரால் அழைக்கப்பட்ட இந்நிறுவனங்களின் நிறுவனர்களைப் பற்றியும் முதலீட்டாளர்களைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. நிரல் எழுதியவர், பக்கம் வடிவமைத்தவர், வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டவர், கிடங்கில் பெட்டி அடுக்கியவர், சைக்கிளில் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஆகியோரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே நிலவிய ஏற்பாட்டைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். பெரிய நிறுவனம் தருவதைவிடக் குறைந்த சம்பளம், கணக்கு வைக்காத வேலை நேரம், எந்த நாளும் வேலை போகலாம் என்ற நிலை. இம்மூன்றுக்கும் ஈடாக, நிறுவனத்தின் பங்கைப் பின்னாளில் பழைய விலைக்கே வாங்கிக்கொள்ளும் உரிமை. தொழில் நடத்துபவர் சுமக்க வேண்டிய நட்ட அபாயத்தின் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டால் உழைப்பவரின் தலைக்கு மாறியது. மாறியது என்பதே பலருக்குத் தெரியவில்லை. தாங்களும் உரிமையாளர்களே என்று அவர்கள் நம்பினார்கள். டாட்காம் காலத்துத் துயரங்களில் பெரும்பாலானவை இந்த நம்பிக்கைக்கும் சட்டத்தின் பார்வையில் அவர்களுக்கு இருந்த நிலைக்கும் இடையிலான தூரத்திலிருந்து பிறந்தவை.

இந்த ஏற்பாடு இணையத்தோடு வந்ததல்ல. 1957-இல் வில்லியம் ஷாக்லியின் ஆய்வுக்கூடத்தை விட்டு எட்டுப் பேர் வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினர். அதற்குப் பணம் போட்ட கிழக்குக் கரை நிறுவனம் விரைவிலேயே அவர்களின் பங்குகளை வாங்கிக்கொண்டது. பின்னால் வந்து சேர்ந்த பொறியாளர்களுக்கு உரிமைப் பங்கு பரவலாகக் கிடைக்கவில்லை என்பது அங்கே நீண்டநாள் மனக்குறை. 1968-இல் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் அங்கிருந்து விலகி இன்டெலைத் தொடங்கியபோது, ஸ்டாக் ஆப்ஷன் எனப்படும் பங்கு வாங்கும் உரிமையைப் பொறியாளர்களுக்கும் பரவலாக வழங்கினர். அதே நாய்ஸ், தொழிற்சங்கம் நுழையாமல் இருப்பது இத்தொழிலின் உயிர்ப் பிரச்சினை என்று வெளிப்படையாகவே சொன்னவர். பங்கு கொடுப்பதும் சங்கத்தை விலக்கி வைப்பதும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் தொடக்கம் முதலே ஒன்றாக வளர்ந்தன.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று தொழிலாளியைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செல்லாது என்பது கலிஃபோர்னியாவில் 1872 முதல் இருந்துவரும் விதி. நல்ல காலத்தில் அது உழைப்பவருக்குப் பெரிய வரம்; ஒரு நிறுவனத்தை விட்டு அடுத்த தெருவில் இருக்கும் இன்னொன்றுக்கு மறுநாளே போகலாம். அமெரிக்காவில் ஏறக்குறைய எங்கும் நிலவும் இன்னொரு வழக்கம் இதன் மறுபக்கம்: காரணமோ முன்னறிவிப்போ இல்லாமல் முதலாளி எவரையும் நீக்கலாம். 1981-இல் கொண்டுவரப்பட்ட வரிச் சட்டம் ஊழியர் ஆப்ஷன்களுக்கென்று தனிச் சலுகை வகுத்தது. ஆப்ஷனைப் பயன்படுத்திப் பங்கு வாங்கும்போது வழக்கமான வருமான வரி இல்லை, விற்கும்போது கட்டினால் போதும் என்பது அதன் சாரம். இந்தச் சலுகையின் அடியில் ஒரு பொறி இருந்தது. இருபது ஆண்டு கழித்துத்தான் அது பல குடும்பங்களைப் பிடித்தது.

நீண்ட நேர உழைப்பைப் பெருமையாகக் கொண்டாடும் வழக்கமும் இணையத்துக்கு முந்தையதே. 1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியை உருவாக்கிய ஆப்பிள் குழுவினர், வாரம் 90 மணி நேரம் உழைப்பதைத் தாங்கள் விரும்புவதாக அறிவிக்கும் வாசகம் அச்சிட்ட மேலாடைகளை அணிந்தனர். எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோவில் 1886-இல் உயிர் போயிருக்கிறது. அதே நாட்டில் நூறாண்டு ஆவதற்குள், படித்த இளைஞர்கள் அதைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்ததைச் சட்டையில் எழுதிக்கொண்டார்கள்.

இவை அனைத்தையும் ஒன்றாகக் கட்டி உலகுக்குக் காட்டிய நிறுவனம் நெட்ஸ்கேப். சிலிக்கான் கிராஃபிக்ஸைத் தொடங்கிய ஜிம் கிளார்க்கும், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசெய்க் உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசனும் 1994 ஏப்ரலில் இதைத் தொடங்கினர். இல்லினாயிலிருந்து வந்த இளைஞர்களும் வேறு சிலரும் சில மாதங்களில் உலாவியை எழுதி முடித்தனர். அக்டோபர் நடுவில் சோதனைப் பதிப்பும் டிசம்பரில் முழுப் பதிப்பும் வெளிவந்தன. அந்த மாதங்களில் வீடு என்பது பெயரளவுக்குத்தான். மேசைக்கு அடியில் உறங்குவதும், இரண்டு நாள் தொடர்ந்து விழித்திருப்பதும், சாப்பாடு திரைக்கு முன்பே நடப்பதும் வழக்கமாயின. அக்குழுவில் இருந்த ஜேமி ஸவின்ஸ்கி அந்நாட்களின் சோர்வை அப்போதே குறித்துவைத்துப் பின்னர் பொதுவில் வெளியிட்டார். அக்காலத்து உழைப்புக்கு உள்ளிருந்து கிடைக்கும் நம்பகமான சான்றுகளில் அது ஒன்று.

1995 ஆகஸ்ட் 9 அன்று நெட்ஸ்கேப் பங்குச்சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 28 டாலர். அன்று மாலை 58.25 டாலரில் வணிகம் முடிந்தது. தொடங்கிப் பதினாறு மாதமே ஆன, இன்னும் லாபம் காணாத நிறுவனம் அது. மேசைக்கு அடியில் உறங்கியவர்களில் சிலர் அன்று கோடீசுவரர்கள் ஆனார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு இணைய நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த எல்லோர் கண்முன்னும் அந்த ஒரு நாள் நின்றது. குறைந்த சம்பளத்தையும் உறக்கமற்ற இரவுகளையும் நியாயப்படுத்த அதற்குப் பிறகு வேறு வாதம் தேவைப்படவில்லை.

ஆப்ஷன் நடைமுறையில் எப்படிச் செயல்பட்டது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். உழைத்தவர்கள் ஏமாந்த இடங்கள் எல்லாம் அதன் நுணுக்கங்களில்தான் இருந்தன. வேலைக்குச் சேரும் நாளில் ஊழியருக்கு, உதாரணமாக, 10,000 பங்குகளைத் தலா 1 டாலருக்கு வாங்கும் உரிமை எழுதித் தரப்படும். அது உடனே அவர் கைக்கு வராது. நான்கு ஆண்டில் சிறிது சிறிதாக உரிமையாகும். முதல் ஆண்டு முடிவதற்குள் வெளியேறினாலோ நீக்கப்பட்டாலோ ஒன்றும் இல்லை. பதினோராம் மாதத்தில் வேலை போனவர்களின் கதைகள் அக்காலத்தில் நிறைய. ஒரு பகுதி உரிமையான பின் வேலையை விட்டால், பொதுவாக 90 நாட்களுக்குள் கைக்காசு போட்டுப் பங்கை வாங்கிவிட வேண்டும். இல்லையேல் உரிமை காலாவதி. நிறுவனம் சந்தைக்கு வந்த பிறகும் ஊழியர் உடனே விற்க முடியாது. பங்கு வெளியீட்டை நடத்தும் வங்கிகள் விதித்த தடைக்காலம் வழக்கமாக 180 நாள். முதல் நாள் உயர்ந்த விலையைப் பத்திரிகையில் படித்து மகிழ்ந்தவர் பலருக்கு, தம் பங்கை விற்கும் நாள் வந்தபோது அந்த விலை கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய செய்தி, பங்குகள் எல்லாம் ஒரே தரமல்ல என்பது. துணிகர முதலீட்டாளர்கள் வாங்கியவை முன்னுரிமைப் பங்குகள். நிறுவனம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ அவர்கள் போட்ட பணம் முதலில் அவர்களுக்குத் திரும்ப வேண்டும். சில ஒப்பந்தங்களில் போட்டதற்கு இருமடங்கு வரை. மிஞ்சினால்தான் சாதாரணப் பங்கு வைத்திருந்த ஊழியருக்கு. ஒவ்வொரு முறை புதிய முதலீடு வரும்போதும் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை கூடும், ஊழியரின் விகிதம் சுருங்கும். மொத்தம் எத்தனை பங்குகள், முன்னுரிமைக் கணக்கு எவ்வளவு என்ற விவரங்களைச் சொல்லாமலே பல நிறுவனங்கள் ஆப்ஷன்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி ஆள் சேர்த்தன. பத்தாயிரம் என்ற எண் பெரிதாகத் தெரிந்தது. அது ஒரு கோடியில் பத்தாயிரமா, பத்துக் கோடியில் பத்தாயிரமா என்று கேட்கத் தெரிந்தவர் குறைவு. சம்பளத்தைப் பற்றிக் கறாராகப் பேசும் ஒரு ஆலைத் தொழிலாளிக்கு இருந்த பேரம் பேசும் வலு, உயர்கல்வி பெற்ற இவர்களுக்கு இல்லாமல் போனது இந்த அறியாமையால்தான்.

வேலை நேரம் ஏன் அப்படி நீண்டது? உழைப்பவரின் ஆர்வம் ஒரு காரணம். அதை மறுக்க முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கும் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் நேரத்தை நிர்ணயித்தது முதலீட்டின் கணக்கு. விரைவில் பெரிதாகிவிடு, லாபம் பிறகு பார்க்கலாம் என்பது அக்காலத்துத் தொழில் மந்திரம். ஒரு துறையில் முதலில் பெரிதாகும் நிறுவனமே நிலைக்கும் என்று முதலீட்டாளர்கள் நம்பினார்கள். கையிருப்புப் பணம் மாதாமாதம் கரையும். அது தீர்வதற்குள் அடுத்த முதலீட்டையோ பங்கு வெளியீட்டையோ எட்ட வேண்டும். ஆகவே ஒரு வருடத்து வேலை நான்கு மாதத்தில் முடிந்தாக வேண்டும். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பங்குதாரர்களுக்கு 1997-ஆம் ஆண்டுக்காக எழுதிய கடிதத்தில், நீண்ட நேரம், கடினமாக, கூர்மையாக என்ற மூன்று வகையிலும் உழைத்தாக வேண்டும், இரண்டோடு நிற்க முடியாது என்று நேர்காணலுக்கு வருவோரிடம் தாம் சொல்வதாகக் குறிப்பிட்டார்.

கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி என்ற கேள்வியையும் சட்டம் முன்கூட்டியே அடைத்திருந்தது. 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கணினி வல்லுநர்களை, மணிக்கூலி பெறுபவராக இருந்தாலும், மிகைநேரக் கூலி விதியிலிருந்து விலக்க வழி செய்தது. 1996-இல் அதற்கான வரம்பு மணிக்கு 27.63 டாலர் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. விலைவாசியோடு ஏறாத வரம்பு அது. கலிஃபோர்னியா மாநிலம் 2000-இல் தன் சொந்த விலக்கை 41 டாலர் வரம்போடு கொண்டுவந்தது. அலுவலகத்தில் இலவச உணவும், மேசைக் கால்பந்தும், துணி வெளுக்கும் ஏற்பாடும், படுக்க இடமும் இருந்ததைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. அவை ஒவ்வொன்றும் ஊழியர் வெளியே போவதற்கான ஒரு காரணத்தை நீக்கின. குழந்தை வளர்ப்பவர்களும், முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களும், நாற்பது வயதைத் தாண்டியவர்களும் இந்த அமைப்பில் மெல்ல ஓரம் கட்டப்பட்டார்கள். எவரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை, அவர்களால் அங்கே இருக்க முடியவில்லை.

இதுவரை சொன்னது ஆப்ஷன் கிடைத்தவர்களின் நிலை. அந்த நம்பிக்கைகூட இல்லாமல் உழைத்தவர்கள் பலர். மைக்ரோசாஃப்ட் புதிய நிறுவனம் அல்ல. ஆனால் சியாட்டிலின் இணைய நிறுவனங்கள் பின்பற்றிய முறையை அமைத்துக் கொடுத்தது அதுதான். ஆள் சேர்ப்பு முகமைகளின் மூலம் ஆண்டுக்கணக்கில் அங்கே வேலை பார்த்தவர்கள் தற்காலிகர்கள் என்றே வகைப்படுத்தப்பட்டார்கள். நிரந்தர ஊழியருக்கு நீல அடையாள அட்டை, இவர்களுக்கு ஆரஞ்சு. ஒரே அறையில் ஒரே வேலை. ஆனால் பங்குத் திட்டத்திலும் பிற சலுகைகளிலும் இடமில்லை. 1992-இல் தொடுக்கப்பட்ட வழக்கு எட்டு ஆண்டு நடந்து, 2000 டிசம்பரில் 9.7 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் பல நிறுவனங்கள் பாடம் கற்றிருந்தன. அவை தற்காலிகர்களைக் குறைக்கவில்லை, சட்டச் சிக்கல் வராதபடி அவர்களின் பணிக்காலத்தைத் துண்டு துண்டாக்கின.

அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் இன்னும் ஒரு படி கீழே போனது. அதன் அரட்டை அறைகளையும் தகவல் பலகைகளையும் கண்காணித்தவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள். 1990-களின் இறுதியில் அவர்களின் எண்ணிக்கை 14,000 அளவில் இருந்தது. இலவச இணைப்புதான் கைம்மாறு. இணைப்புக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய காலத்தில் அதற்கு மதிப்பிருந்தது. 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலருக்கு வரம்பற்ற இணைப்பு வந்ததும் அந்த மதிப்பு சரிந்தது. பயிற்சி, முறைவேலை, அறிக்கை எழுதுதல் ஆகிய கடமைகள் அப்படியே நின்றன. தாங்கள் செய்தது வேலை, ஆகவே குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று 1999-இல் சிலர் வழக்குத் தொடுத்தனர். பத்து ஆண்டுக்கு மேல் இழுத்த அவ்வழக்கு 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பயனர்களின் இலவச உழைப்பில் வருவாய் காணும் முறை அதன்பின் இணையம் முழுவதும் பரவிவிட்டது. அதைக் கூலிக்குரிய வேலை என்று நீதிமன்றம்வரை கொண்டுபோனவர்கள் என்ற வகையில் இவர்களுக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு.

பண்டம் கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனங்களில் உடலுழைப்பு நேரடியாகவே தெரிந்தது. 1998-இல் நியூயார்க்கில் தொடங்கிய காஸ்மோ, திரைப்பட வட்டையும் ஐஸ்கிரீமையும் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குத் தருவதாக அறிவித்தது. விநியோகக் கட்டணம் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றியவர்கள் மழையிலும் பனியிலும் சைக்கிள் மிதித்த இளைஞர்கள். கலிஃபோர்னியாவின் வெப்வான் மளிகைப் பொருளை விநியோகித்தது. நாடெங்கும் 26 தானியங்கிக் கிடங்குகள் கட்ட 1999-இல் நூறு கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் பங்கு வெளியீட்டில் 37.5 கோடி டாலர் திரட்டியது. ஒரு நகரத்திலாவது லாபம் வருமா என்று பார்ப்பதற்கு முன்பே அடுத்த நகரத்தில் கிடங்கு எழுந்தது. ஒவ்வொரு கிடங்குக்கும் நூற்றுக்கணக்கானோர் வேறு வேலைகளை விட்டு வந்து சேர்ந்தார்கள்.

ஊரில் வாடகை ஏறியதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியிலிருந்து பழைய குடியிருப்பாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பாலோ ஆல்டோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே இரவெல்லாம் ஓடிய 22-ஆம் எண் பேருந்தில், வேலை இருந்தும் வீடு இல்லாதவர்கள் உறங்கி எழுந்து வேலைக்குப் போனார்கள்.

இந்தியர்கள், அவர்களுள் தமிழர்கள், இந்தக் கதைக்குள் வந்தது எச்-1பி விசா வழியாக. 1990-இல் ஆண்டுக்கு 65,000 என்று வகுக்கப்பட்ட உச்சவரம்பு, நிறுவனங்களின் வற்புறுத்தலால் 1998-இல் 1,15,000 ஆகவும் 2000-இல் 1,95,000 ஆகவும் உயர்ந்தது. அந்த ஆண்டுகளில் விசா பெற்றவர்களில் பாதிக்கு அருகில் இந்தியாவில் பிறந்தவர்கள். ஈராயிரமாம் ஆண்டுக் கணினிப் பிழையைத் திருத்தும் வேலைக்காகச் சென்னை, கோவை, திருச்சி கல்லூரிகளிலிருந்து போனவர்கள் பிறகு இணைய நிறுவனங்களுக்கு மாறினர். இவர்களில் பலரை வேலைக்கு எடுத்தவை பாடி ஷாப் என்று இவர்களே அழைத்த ஆள் அனுப்பும் நிறுவனங்கள். அவை ஓர் ஆளை மணிக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் அனுப்பி, அதில் ஒரு பங்கைத் தாம் எடுத்துக்கொண்டன. அடுத்த வேலை வரும்வரை விருந்தினர் இல்லத்தில் ஐந்தாறு பேர் ஓர் அறையில் காத்திருப்பதற்கு பெஞ்ச் என்று பெயர். பெஞ்சில் இருக்கும்போதும் சம்பளம் தர வேண்டும் என்று 1998-இன் சட்டம் சொன்னது. விசாவே முதலாளியின் கையில் இருக்கையில் அதைக் கேட்டு வாங்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

சென்னையிலும் அலை வீசியது. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1999 அக்டோபரில் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. அடுத்த மாதமே இந்தியாவேர்ல்டு தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட நாள் 2000 ஜூலை 4. அதற்கு நான்கு மாதம் முன்பே அமெரிக்காவில் சரிவு தொடங்கிவிட்டிருந்தது.

நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048.62-இல் முடிந்தது, அதுவே உச்சம். 2002 அக்டோபர் 9 அன்று அது 1,114.11. முதலில் விழுந்த பெரிய பெயர்களில் ஒன்று லண்டனில் இருந்த பூ டாட்காம். ஆடை விற்க வந்த அந்நிறுவனம், தளத்தைத் திறந்து ஆறு மாதத்தில், 2000 மே 18 அன்று முடிந்துபோனது. நவம்பரில் பெட்ஸ் டாட்காம் மூடியது. அது பங்குச்சந்தைக்கு வந்தது அதே ஆண்டு பிப்ரவரியில்தான். 2001 மார்ச்சில் பொம்மை விற்ற ஈடாய்ஸ், ஏப்ரலில் காஸ்மோ, ஜூலையில் வெப்வான். காஸ்மோ மூடிய நாளில் சுமார் 1,100 பேரும், வெப்வான் மூடிய நாளில் சுமார் 2,000 பேரும் வேலை இழந்தனர். வெப்வானின் தலைமை அதிகாரி ஜார்ஜ் ஷாஹீன் சில மாதங்கள் முன்பு விலகியபோது, அவருடைய ஒப்பந்தத்தில் ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 3,75,000 டாலர் தருவதாக எழுதப்பட்டிருந்தது. கிடங்குத் தொழிலாளியின் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

வேலை போனவருக்கு என்ன மிஞ்சியது? நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கூண்டோடு ஆட்களை நீக்குமுன் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். டாட்காம்களில் பல அந்த எண்ணிக்கைக்குக் கீழே. மற்றவை, முதலீடு திரட்டும் முயற்சி கடைசிவரை நடந்ததால் சொல்ல முடியவில்லை என்று சட்டத்தின் விதிவிலக்கைக் காட்டலாம். கஜானா காலியான பிறகு, வெல்லும் வழக்குக்கும் பயன் சிறிது. மருத்துவக் காப்பீட்டின் கதை இன்னும் கொடியது. வேலை போனவர் முழுக் கட்டணமும் தானே கட்டி நிறுவனத்தின் காப்பீட்டை 18 மாதம் தொடரலாம் என்று 1980-களின் நடுவில் வந்த சட்டம் உரிமை தந்தது. ஆனால் தொடர்வதற்கு அந்த நிறுவனத்தில் ஒரு காப்பீட்டுத் திட்டம் இருந்தாக வேண்டும். நிறுவனமே மறைந்தால் திட்டமும் மறையும். மொத்தமாக மூடப்பட்ட நிறுவனங்களில் கருவுற்றிருந்தவர்களும் சிகிச்சையில் இருந்தவர்களும் இந்த விதியை அப்போதுதான் அறிந்தார்கள்.

வரிப் பொறி வெளிப்பட்டதும் இப்போதுதான். 1981-இன் சலுகை ஆப்ஷன்களுக்கு வழக்கமான வரி இல்லாவிட்டாலும், மாற்றுக் குறைந்தபட்ச வரி என்ற இணைக் கணக்கு உண்டு. பங்கை வாங்கிய நாளின் சந்தை விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு அக்கணக்கில் வருமானம்; விற்றாலும் விற்காவிட்டாலும் சரி. முன்சொன்ன ஊழியர் 10,000 பங்குகளைத் தலா 1 டாலருக்கு, சந்தை விலை 100 டாலராக இருந்த 2000 தொடக்கத்தில் வாங்கியதாகக் கொள்ளலாம். காகிதத்தில் லாபம் 9.9 லட்சம் டாலர். 26 முதல் 28 சதவீதம் என்ற விகிதத்தில் வரி சுமார் 2.7 லட்சம். ஓராண்டு வைத்திருந்தால்தான் குறைந்த வரிவிகிதம் என்பதாலும், நிறுவனத்தின் மீது கொண்ட பற்றாலும் அவர் விற்கவில்லை. 2001 ஏப்ரலில் வரி கட்டும் நாளில் பங்கின் விலை 2 டாலர் என்றால், எல்லாவற்றையும் விற்றாலும் கையில் வருவது 20,000. நட்டத்தைக் கழிக்கவும் வழி குறுகல்; மற்ற வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 3,000 டாலர்தான் கழிக்கலாம். இந்தக் கணக்கில் சிக்கிய நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விற்றன, ஓய்வூதியச் சேமிப்பை உடைத்தன, கையில் ஒருபோதும் வராத பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் தவணை கட்டின. நிறுவனத்தை அதிகம் நம்பி, பங்கை விற்காமல் வைத்திருந்தவர்களுக்கே அதிக அடி விழுந்தது. ஊகத்தில் ஈடுபட்டு அன்றே விற்றவர் தப்பினார். உழைப்பையும் பற்றையும் இவ்வளவு நேரடியாகத் தண்டித்த ஏற்பாடு தொழில் வரலாற்றில் அரிது.

சங்கம் சேரும் முயற்சிகள் இல்லாமல் போகவில்லை. மைக்ரோசாஃப்டின் தற்காலிகர்கள் 1998-இல் தொடங்கிய வாஷ்டெக், தகவல்தொடர்புத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து இயங்கியது. 2000 நவம்பரில் அதன் துணையோடு அமேசானின் சியாட்டில் வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் கூலி, கட்டாய மிகைநேரம், மதிப்பிழந்த ஆப்ஷன்கள், தங்கள் வேலை டெல்லியை அடுத்த ஒரு சேவை நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் அச்சம் ஆகியவை அவர்களைத் திரட்டின. 2001 ஜனவரி 30 அன்று அமேசான் 1,300 பேரை நீக்கியது. மூடப்பட்டவற்றில் சியாட்டில் சேவை மையமும் ஒன்று. சங்க முயற்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை, செலவுக் குறைப்பே காரணம் என்றது நிறுவனம். சான் பிரான்சிஸ்கோவின் ஈடவுன் டாட்காமில் சங்கத்துக்கான வாக்கெடுப்புக்கு ஏற்பாடு நடந்தது. 2001 தொடக்கத்தில் அந்நிறுவனமே மூடப்பட்டது. ஊழியர்கள் தம்மைத் தொழிலாளி என்று உணர்ந்த நேரத்தில் பேரம் பேச எதிரே நிறுவனம் இல்லை.

விசாவில் இருந்தவர்களின் நிலை தனி. வேலை போன நாளே நாட்டில் தங்கும் உரிமையும் கேள்விக்குள்ளானது. 60 நாள் அவகாசம் என்ற விதி 2017-இல்தான் வந்தது. வாடகை ஒப்பந்தத்தையும் தவணைக் காரையும் அப்படியே விட்டுவிட்டு 2001-இல் சென்னைக்கும் ஹைதராபாதுக்கும் விமானம் ஏறியவர்கள் பலர். திருமணச் சந்தையில் அமெரிக்க மாப்பிள்ளைக்கு அந்த ஓராண்டில் மதிப்புக் குறைந்ததை அக்காலத்துத் தமிழ்க் குடும்பங்கள் நன்றாக அறியும். சிலிக்கான் பள்ளத்தாக்கின் மையமான சான்டா கிளாரா மாவட்டம் உச்சத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 2 லட்சம் வேலைகளை இழந்தது.

சட்டமும் கணக்கியலும் மெதுவாக அசைந்தன. ஆப்ஷனைச் செலவாகக் கணக்கில் காட்டியாக வேண்டும் என்று 2004 டிசம்பரில் அமெரிக்கக் கணக்கியல் வாரியம் விதித்தது. அதுவரை ஆப்ஷன் தருவது பெரும்பாலும் செலவில்லாக் கூலி. மைக்ரோசாஃப்ட் 2003-லேயே ஆப்ஷனை விட்டு நேரடிப் பங்குக்கு மாறிவிட்டது. வரிப் பொறியில் சிக்கியவர்கள் ஒன்றுசேர்ந்து நாடாளுமன்ற உறுப்பினர்களை ஆண்டுக்கணக்கில் சந்தித்ததன் பலனாக, 2008 அக்டோபரில் வந்த நிதி நெருக்கடிச் சட்டத்தில் அவர்களின் நிலுவைகளைத் தள்ளுபடி செய்யும் பிரிவு சேர்ந்தது. ஏழெட்டு ஆண்டு தாமதம். அதற்குள் வீடு போனவருக்கு வீடு திரும்பவில்லை.

முன்னுரிமைப் பங்கின் கணக்கு மட்டும் மாறவேயில்லை. நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டிருந்த குட் டெக்னாலஜி நிறுவனத்தை 2015-இல் பிளாக்பெர்ரி 42.5 கோடிக்கு வாங்கியது. முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்குக்கு மூன்று டாலர் அளவில் கிடைத்தது. ஊழியர்களின் சாதாரணப் பங்குக்குக் கிடைத்தது 44 சென்ட். உயர்ந்த மதிப்பீட்டின் பேரில் முன்பே வரி கட்டியிருந்தவர்களும் அவர்களில் இருந்தனர்.

இந்தியாவில் ஸ்டார்ட்அப் அலை 2010-க்குப் பின் எழுந்தபோது இதே ஏற்பாடு ஈசாப் என்ற பெயரில் வந்தது. சென்னையில் வளர்ந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் 36 டாலர் விலையில் நாஸ்டாக்குக்கு வந்தபோது அதன் ஊழியர்களில் சுமார் 500 பேர் கோடீசுவரர்கள் ஆனது உண்மை. அது தமிழ்நாட்டில் பலருக்கு ஊக்கம் தந்ததும் உண்மை. ஓராண்டு ஆவதற்குள் அந்தப் பங்கு வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. இந்திய வரிச் சட்டப்படியும் பங்கை வாங்கும் நாளிலேயே அதன் கூடுதல் மதிப்பு சம்பள வருமானம். விற்காத பங்குக்கும் வரி உண்டு. 2020-ஆம் ஆண்டு பட்ஜெட் இதை ஓரளவு தளர்த்தி, ஏறக்குறைய ஐந்து ஆண்டு வரை வரியைத் தள்ளிப்போட அனுமதித்தது. அமைச்சகங்களுக்கிடையிலான வாரியத்தின் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அவை மொத்தத்தில் சிறு பகுதி. சலுகை பெற்ற நிறுவனத்திலும், ஊழியர் வேலையை விட்டால் ஒத்திவைத்த வரி உடனே கட்ட வேண்டியதாகிவிடும், பங்கு விற்கப்படாமல் கையிலேயே இருந்தாலும்கூட.